பையன் பார்க்க வந்தவர்

போன சனிக்கிழமை, நாங்கள் பிழைக்க வந்த அமெரிக்க ஊரான பிளானோவில் வெயில் மண்டையைப் பிளந்தது. நான் அரைக்கைச் சட்டையோடு போய் உட்கார்ந்த இடமோ ஒரு ஐஸ் மைதானம். மேலே கூரை, சுற்றிலும் கண்ணாடி, நடுவில் உறைந்துபோன ஒரு குளம். கொஞ்ச நேரத்தில் எனக்கும் அந்தக் குளத்துக்கும் வித்தியாசம் தெரியவில்லை.

அங்கே எனக்கு என்ன வேலை? நியாயமான கேள்வி. வீட்டிலும் கேட்டார்கள்.

ஜமால் பாய் எனக்குப் பக்கத்து வீடு. திண்டுக்கல்காரர். இங்கே லெகசி என்கிற பேட்டையில் ஒரு ஆபீஸில் என்னோடு சேர்ந்து குப்பை கொட்டுகிறார். அவர் மகன் இர்ஃபானுக்குப் பதினெட்டு வயது. ஐஸ் ஹாக்கி ஆடுகிறான். ஜூனில் டிராஃப்ட். அதாவது, பெரிய டீம்களெல்லாம் கூடி உட்கார்ந்து, 'இந்தப் பையன் எனக்கு, அந்தப் பையன் உனக்கு' என்று இளவட்டங்களைப் பங்கு பிரித்துக்கொள்ளும் நாள். அதற்கு முன்னால் பையன்களை எடை போட ஊர் ஊராக ஆள் அனுப்புவார்கள். ஸ்கவுட் என்று பெயர். நம் ஊரில் பெண் பார்க்க வருவார்களே... அதேதான். பஜ்ஜி, சொஜ்ஜி மட்டும் கிடையாது.

"ஸ்கவுட் வர்றாராம் சார். எனக்கு டென்ஷனானா இங்கிலீஷ் ஓடிப்போயிரும். நீங்க கூட நின்னு பேசுங்க. பத்தியெல்லாம் எழுதறீங்கள்ல" என்றார் பாய். எழுதுகிறவனுக்குப் பேசவும் வரும் என்று நம்பும் கடைசி மனிதர்.

ஆட்டம் தொடங்கியது. ஒரு கறுப்பு ரப்பர் வட்டைத் துரத்துகிறார்கள் என்றார்கள். கடைசிவரை அந்த வட்டை நான் பார்க்கவேயில்லை. ஒரு கட்டத்துக்கு மேல் தேடுவதையும் விட்டுவிட்டேன்.

விட்ட பிறகுதான் கண் தெளிந்தது. ஐஸிலிருந்து மெல்லிய புகை எழுந்துகொண்டிருந்தது. பிளேடுகள் கீறும் ஓசை — தூரத்தில் யாரோ பட்டுத்துணியைக் கிழிப்பதுபோல. இர்ஃபான் காலை அசைத்த மாதிரியே தெரியவில்லை. நழுவினான், வளைந்தான், அப்படியே முதுகு காட்டிப் பின்னாலேயே போனான். அத்தனை கவசத்துக்குள்ளும் உடம்பு என்று ஒன்று இல்லாதவன் மாதிரி. நான் கண்ணைத் திறந்துகொண்டே கனவு கண்டேன். கனவில் நானும் ஸ்கேட் பண்ணினேன். வேட்டியில். விழவேயில்லை.

ஸ்கவுட் மேல் வரிசையில் தனியாக உட்கார்ந்திருந்தார். வெள்ளை மீசை, கையில் காபி. எல்லோர் தலையும் ஒரு பக்கம் திரும்பினால் அவர் தலை வேறு பக்கம் இருந்தது. வட்டு தன்னிடம் இல்லாதபோது பையன் என்ன செய்கிறான், கோச் திட்டினால் முகத்தை எங்கே வைத்துக்கொள்கிறான் — அதைத்தான் பார்ப்பார்களாம்.

ஆட்டம் முடிந்ததும் லாபிக்கு அவரே வந்தார். கை குலுக்கினார். "உங்கள் மகனைப் பற்றிச் சொல்லுங்கள்" என்றார்.

பாய் என்ன சொன்னார் தெரியுமா?

"ஆவரேஜ் பாய், சார். வெரி லேஸி."

அந்தக் குளிரிலும் எனக்கு வேர்த்தது. சொந்தப் பிள்ளையை வெளியாள் முன்னால் மெச்சினால் கண் பட்டுவிடும். ஃபர்ஸ்ட் ரேங்க் வாங்குகிறவனையே 'ஏதோ படிக்கிறான்' என்று சொல்கிற ஜாதி நாம். நமக்குத் தெரியும்... வெள்ளை மீசைக்குத் தெரியுமா? அவர் முகம் மாறியது. பக்கத்தில் பையும் மட்டையுமாக நின்ற இர்ஃபான் தரையைப் பார்த்தான். இத்தனை வருடம் ஐஸில் வழுக்காதவன், அப்பாவின் அடக்கத்தில் வழுக்கி விழப்போகிறான்.

குதித்தேன். "சார், எங்கள் ஊரில் ஆவரேஜ் என்றால் பிரமாதம் என்று அர்த்தம்."

"அப்படியானால் நிஜமாகவே ஆவரேஜான பையனை என்ன சொல்வீர்கள்?"

"பேச்சை மாற்றிவிடுவோம்."

மீசை லேசாக அசைந்தது. சிரிப்பா, கொட்டாவியா? தெரியவில்லை. அவர் இர்ஃபான் பக்கம் திரும்பினார். "ஆட்டம் முடிந்து வீட்டுக்கு டிரைவ் பண்ணும்போது அப்பா என்ன பேசுவார்?"

இர்ஃபான் பையைத் தோளில் ஏற்றிக்கொண்டான். "ரூல்ஸ் கேட்பார். ஆஃப்சைடு என்றால் என்ன என்று கேட்பார். நான் சொல்வேன். அடுத்த வாரத்துக்குள் மறந்துவிடும். மறுபடி கேட்பார். சின்ன வயசிலிருந்தே அப்படித்தான்." எல்லாம் இங்கிலீஷில்.

ஸ்கவுட் வாய்விட்டுச் சிரித்தார். முடிந்த ஆட்டத்தைக் காருக்குள் இன்னொரு தடவை ஆடிக் காட்டித் திட்டுகிற அப்பாக்களைத்தான் அவர் அதிகம் பார்த்திருக்கிறாராம். அந்தப் பையன்கள் சீக்கிரமே ஸ்கேட்டைக் கழற்றிப் போட்டுவிடுகிறார்களாம். "ஆட்டத்தை நானே கண்ணால் பார்த்துவிடுவேன். அப்பா எப்படி என்பதை மட்டும் கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். ஜூனில் நடப்பதற்கு நான் பொறுப்பில்லை. ஆனால் இவனுக்காகப் பேசுவேன். எடுத்தால் வடக்கே அனுப்புவார்கள். வீட்டை விட்டுப் போகத் தயாரா?"

கேள்வி முடிவதற்குள் இர்ஃபான் "எஸ் சார்" என்றான். பாயும் தலையாட்டினார். சற்றுத் தாமதமாக.

பார்க்கிங்கில் பையன் டிக்கியில் பையைத் திணித்துக்கொண்டிருந்தான். நான் பாயின் காதோரம் கேட்டேன். "என்ன பாய், இத்தனை வருஷமா அந்த ஆஃப்சைடு மண்டையில ஏறலையா?"

"ஏறாம என்ன சார்? விசில் குடுத்தா நானே ரெஃப்ரியா நிப்பேன்." டிக்கிப் பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டுக் குரலை இறக்கினார். "மத்தது எது கேட்டாலும் 'ஃபைன் அத்தா', 'ஓகே அத்தா'ன்னு முடிச்சுக்கறான். இத ஒண்ணு கேட்டாத்தான் டோல்வே ரோடு முடியற வரைக்கும் பேசிட்டு வர்றான்."

"எடுத்துட்டாங்கன்னா?"

"எடுக்கணும் சார். துஆ பண்ணிட்டுத்தான் இருக்கேன்." சாவியை ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாற்றிக்கொண்டார். "எடுத்தா நல்லது. எடுக்கலேன்னா... அதுவும் எனக்கு ஒண்ணும் மோசமில்ல. அவன்ட்ட சொல்லிராதீங்க."

பின்சீட்டில் சாய்ந்துகொண்டேன். டோல்வேயில் வெயில் தேன் நிறத்தில் இறங்கிக்கொண்டிருந்தது. பாய் கேட்க, இர்ஃபான் ஐஸ் மைதானத்து நீலக்கோட்டை டாஷ்போர்டில் விரலால் போட்டுக் காட்டினான். வட்டுக்கு முன்னால் ஆள் அந்தக் கோட்டைத் தாண்டக் கூடாது என்றான். "ஓ... அப்படியா?" என்றார் பாய், அன்றுதான் முதன்முதலாகக் கேட்பவர்போல. என் வாழ்க்கையில் நான் பார்த்த சிறந்த நடிப்பு. வீடு வந்ததுகூடத் தெரியவில்லை.

உள்ளே நுழைந்ததும் லேப்டாப்பில் மூழ்கியிருந்த என் மகளிடம் போனேன். "கண்ணம்மா, ஆஃப்சைடுன்னா என்னம்மா?"

"லுக் இட் அப், அப்பா." தலை நிமிரவில்லை.

பரவாயில்லை. ஹாக்கி ஆட்டத்துக்கு மூன்று பீரியட், அதாவது மூன்று பகுதியாம். எனக்கு முதல் பீரியட்தான் முடிந்திருக்கிறது.