பழுப்புப் பட்டனும் பிரியாணி அண்டாவும்

வடக்குத்து ஊர் இசைப்பிரியாவுக்கு நிறம் என்றால் பைத்தியம். புடவைக் கடைக்குப் போனால் புடவை வாங்க மாட்டாள்; முந்தானையை மட்டும் போட்டோ எடுத்துக்கொண்டு வந்துவிடுவாள். அதைப் பேசாத வாய் ஊரில் கிடையாது. அந்தப் போட்டோவிலிருந்துதான் அவள் கடைகளுக்குச் செய்து கொடுக்கும் வெப் பக்கங்களுக்கு நிறம் எடுக்கிறாள் என்பது பேசியவர்களுக்குத் தெரியாது.

பெரிய கடை என்று அவளுக்கு முதலில் அமைந்தது ஹபீப் முகமதுவின் பிரியாணிக் கடை. மைன்ஸில் ஷிப்ட் முடிந்து பஸ்ஸுக்கு நிற்கிறவர்கள் போனிலேயே ஆர்டர் போட ஒரு பக்கம் வேண்டும் என்றார். ஊருக்கு அடையாளமாக இருக்கட்டும் என்று இசைப்பிரியா மைன்ஸில் தோண்டுகிற பழுப்பு நிலக்கரியின் நிறத்தை எடுத்தாள். கரும்பழுப்புப் பின்னணி, அதில் சற்றே வெளிறிய பழுப்பில் ஆர்டர் பட்டன். வீட்டு லைட்டில் பட்டுப்புடவை மாதிரி மின்னியது.

முதல் நாள் மதியம், போன் ஆர்டரை நம்பிச் சமைத்ததில் பாதி அண்டா பிரியாணி அப்படியே கிடந்தது. நாளைக்கும் மிஞ்சினால் பக்கத்தை எடுத்துவிடுவேன் என்று மட்டும் சொன்னார் பாய். அந்தக் கடையில் பெயர் கெட்டால் மைன்ஸ் டவுன்ஷிப்பில் வேறு எவரும் அவளைக் கூப்பிட மாட்டார்கள்.

வேறு ஆளாயிருந்தால் பாயின் மசாலாவைக் குறை சொல்லியிருப்பார். இவள் அப்போதே கொளுத்தும் வெயிலில் பஸ் ஸ்டாப்புக்கே போய், மைன்ஸில் கான்ட்ராக்ட் வேலை பார்க்கும் குமரவேலின் போனை வாங்கிப் பார்த்தாள். திரையில் மைன்ஸ் தூசி, அதன்மேல் வெயில். பட்டன் இருந்த இடமே தெரியவில்லை.

"ஷிப்ட் பூரா இந்தக் கரியத்தான் பாத்துகினு கெடக்குறோம். சோறு வாங்குற எடத்துலயும் அதே கலரா?" என்றான் குமரவேல்.

அதுவரை ஒவ்வொரு நிறத்தையும் ஆறெழுத்துக் குறியீடாக எழுதியிருந்தாள். அதில் எது வெளிச்சம், எது இருட்டு என்று பார்த்தவுடன் பிடிபடாது. எல்லாவற்றையும் எச்எஸ்எல் முறைக்கு மாற்றினாள். அதில் ஒரு நிறத்துக்கு மூன்று எண்: என்ன நிறம், எவ்வளவு அழுத்தம், எவ்வளவு வெளிச்சம். பிடிவாதக்காரி, பழுப்புக்கான நிற எண்ணை மட்டும் மாற்றவில்லை. பின்னணிக்கு வெளிச்ச எண்ணை ஏற்றிச் சோற்று வெள்ளைக்குக் கொண்டுவந்தாள். எழுத்துக்கு இறக்கிக் கருக்கினாள். பட்டனுக்கு மட்டும் முந்திரிப்பழச் சிவப்பு. ஒவ்வொரு மாற்றத்துக்கும் தன் போனில் மண்ணைத் தடவி வெயிலில் நீட்டிப் பார்த்தாள். பொண்ணுக்கு என்னமோ ஆகிவிட்டது என்று பஸ் ஸ்டாப்பே பேசியது.

மறுநாள் மதியம் அவள் கடைக்குப் போனபோது அண்டாவைக் கழுவிக் கவிழ்த்திருந்தார்கள்.

"உனக்கு ஒரு தட்டு எடுத்து வெக்கணும்னு நெனச்சேம்மா. ஆர்டர் வந்துகினே இருந்திச்சா, வுட்டுட்டேன்" என்றார் பாய்.

வீட்டுக்குப் போய் மோர்ச்சோறுதான் தின்றாள். அதை அவளே ஊர் முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிகிறாள், பிரியாணி தின்றவள் மாதிரி.