முற்றத்தைப் பார்த்துப் பெயர் கூப்பிட்டவர்

கொரோனாக் காலத்தில் காணி வழக்குகளைத் தள்ளிவைத்துக்கொண்டே இருந்தார்கள். என் வழக்குக்குப் புதிய தவணை நாள் கேட்க விடத்தல்தீவிலிருந்து போனேன். நீதிமன்ற வாசலில், வழக்குக்காரர்களைப் பெயர் சொல்லி அழைக்கும் அந்த மெலிந்த மனிதர் மட்டும் நின்றார். முகக்கவசத்துக்கு மேலே கண்கள் சிவந்திருந்தன. ஆளில்லாத முற்றத்தைப் பார்த்து ஒவ்வொரு பெயரையும் மூன்று தரம் கூப்பிட்டார். பிறகு, ஆள் நடந்துவரும் நேரமளவுக்குக் காத்திருந்தார்.

என் எதிராளியான சித்தப்பாவையும் அப்படியே கூப்பிட்டார்.

"அவர் போன கிழமை கொரோனாவில செத்துப்போட்டார், ஐயா" என்றேன்.

அவர் எனக்குப் பின்னால் பார்த்தார். "கொஞ்சம் தள்ளி நில்லுங்கோ தம்பி. அவருக்கும் இடைவெளி விடவேணும்."

திரும்பினேன். ஒருவருமில்லை. அவர் யாரைக் கண்டார் என்று இன்றும் தெரியாது. ஒரு முழ நிலத்துக்காக ஏழு வருடம் வழக்காடிய நான், தள்ளி நின்றேன்.