கணேஷ்ராம் கேட்காத கேள்வி

பாளையங்கோட்டைக் கல்லூரி ஒன்றில் கணேஷ்ராம் உயிரித் தொழில்நுட்பப் பேராசிரியர் என்பது பெயருக்குத்தான். மத்திய அரசின் ஆராய்ச்சி நிதிக்கு விண்ணப்பிக்கிறவர்களைத் தயார் செய்வதுதான் அவருடைய உண்மையான வேலை. டெல்லி நிபுணர் குழு மாதிரி மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்துகொண்டு, கேள்வி கேட்டே ஆளைப் பிழிந்துவிடுவார். அப்படிப் பிழியப்பட்ட நான்கு பேருக்கு நிதி கிடைத்தது. தனக்காக அவர் எழுதிய மூன்று திட்டங்களும் திரும்பி வந்தன. நன்றி சொல்ல வந்தவர்கள் போர்த்திய சால்வைகளைப் போர்த்திய வேகத்திலேயே கழற்றினார்.

ஐந்தாவதாக வந்தவள் விஜயஸ்ரீ. சாத்தான்குளத்துப் பெண். அதே கல்லூரியில் இரண்டு வருட ஒப்பந்த வேலை; நிதி வந்தால்தான் வேலை நீடிக்கும் என்று நிர்வாகம் சொல்லியிருந்தது. வாழையைக் கொல்லும் வாடல் நோயை, மண்ணில் இடும் நுண்ணுயிரால் தடுப்பது அவள் திட்டம். விண்ணப்பத்தைப் படிக்கப் படிக்க அவருக்கு வயிறு எரிந்தது. பன்னிரண்டு வருடமாகத் தனக்கு எழுத வராததை நேற்று வந்தவள் இருபது பக்கத்தில் எழுதிவிட்டாளே!

பதினான்காம் பக்கத்தில் எரிச்சல் அடங்கியது. ஆற்றங்கரைத் தோட்டங்களில் நவம்பர் மாதம் நுண்ணுயிரை இடுவதாகப் போட்டிருந்தாள். பனங்காட்டில் வளர்ந்தவளுக்கு என்ன தெரியும்? தாமிரபரணிக் கரையில் பிறந்த மனுஷனுக்குத் தெரியும். ஐப்பசி, கார்த்திகையில் அங்கே வெள்ளம் ஏறினால் போட்டதெல்லாம் கடலுக்குத்தான் போகும்.

ஒரு வாரம் பயிற்சி நடந்தது. நாற்பது கேள்வி கேட்டார். அந்த ஒன்றை மட்டும் கேட்கவில்லை. அவள் அத்தனையையும் நோட்டில் எழுதி மனப்பாடம் செய்தாள். வேறு ஏதாவது விட்டுப்போயிருக்கிறதா என்று கடைசி நாளில் அவளே கேட்டாள்.

“அவ்வளவுதாம்மா. தைரியமாப் போ,” என்றார்.

ஆன்லைன் நேர்காணலில் ஐந்தாவது நிமிடமே குழுவில் ஒருவர் வெள்ளத்தைப் பற்றிக் கேட்டார். விஜயஸ்ரீ நோட்டைப் புரட்டினாள். அதில் பதில் இல்லை. கேமராவில் படாமல் ஓரமாக நின்ற கணேஷ்ராமுக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. அதில் பொய்யில்லை.

தேர்வுப் பட்டியலில் அவள் பெயர் வரவில்லை. அந்த மாதமே ஒப்பந்தமும் முடிந்தது. விடைபெற வந்தவளை நிமிர்ந்து பார்க்க முடியாமல் அவர் காகிதங்களை அடுக்கிக்கொண்டிருந்தார். தனக்காகத்தான் வருத்தப்படுகிறார் என்று அவள் எடுத்துக்கொண்டாள்.

“மனசப் போட்டு ஒளப்பிக்காதிய சார்,” என்றாள். “தெரிஞ்சிருந்தா சொல்லாமலா இருந்திருப்பிய?”