எஸ்தர் டீச்சருக்குக் கிடைத்த பதவி உயர்வு

கோத்தா கோலா மூடா சந்தையில் மீன் வாங்கிக்கொண்டிருந்தபோது கைப்பேசி அடித்தது. வழக்கை மறுபடியும் ஒத்திவைத்துவிட்டார்கள் என்று சொல்லத்தான் யாரோ அழைக்கிறார்கள் என நினைத்து எடுக்கவில்லை. விடாமல் அடித்ததால் எடுத்தேன். எஸ்தர் டீச்சரின் தங்கை மகள். "டீச்சர், பெரியம்மா போயிட்டாங்க. பசியாறிட்டு உட்கார்ந்திருந்தாங்க, அப்படியே சாஞ்சிட்டாங்க" என்றாள். எனக்கு முதலில் வந்தது அழுகை அல்ல, எரிச்சல். இவ்வளவு இழுத்த வழக்கின் முடிவைப் பார்க்காமல் போய்விட்டாரே என்று அவர்மீதே எரிச்சல்.

அவரை அறிந்தவர்களுக்கு அந்த வழக்கும் தெரியும். மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். திகாம் பத்து என்ற ஊருக்குப் பக்கத்தில் ஒரு ரப்பர் தோட்டத்தில் பிறந்தவர். சுங்கைப் பட்டாணியில் திருச்சபை நடத்தும் தனியார் பள்ளியில் தமிழும் சரித்திரமும் கற்பித்தார். நான் அங்கே கணித ஆசிரியை. அரசாங்க ஆசிரியர்களைப்போல எங்களுக்கு ஓய்வூதியம் கிடையாது. ஓய்வு பெறும்போது ஒரு தொகை தருவோம் என்று சொல்லித்தான் வேலைக்கு எடுத்தார்கள். மூத்தவர்கள் ஓய்வு பெறத் தொடங்கியதும், அது வாக்குறுதி அல்ல, பள்ளி வாரியம் விரும்பினால் காட்டும் மரியாதை என்றார்கள். "மரியாதைய வச்சு அரிசி வாங்க முடியுமா லா?" என்று டீச்சர் ஆசிரியர் அறையில் கேட்டார். அந்த மாதமே எங்களையெல்லாம் தொழிற்சங்கத்தில் சேர்த்துவிட்டார்.

வாரியம் கோபப்படவில்லை. அவருக்குப் பதவி உயர்வு கொடுத்தது. 'பாடத்திட்ட மேற்பார்வையாளர்' என்று பெயர். சம்பளம் அதே, வகுப்புகள் அதே, கால் ஆடும் நாற்காலியும் அதே. வேண்டாம் என்றார், யாரும் கேட்கவில்லை. பிறகு என்னைக் கணிதத் துறைத் தலைவி ஆக்கினார்கள். துறையில் என்னைத் தவிர இருந்த ஒருவர் துணைத் தலைவர் ஆனார். கொஞ்ச நாளில் அந்தப் பள்ளியில் மேற்பார்வை செய்யப்படுவதற்கு ஆளே மிஞ்சவில்லை.

காரணம் டீச்சர் ஓய்வு பெற்ற பிறகுதான் விளங்கியது. அவருக்குரிய தொகையைக் கேட்டுச் சங்கம் தொழில் நீதிமன்றத்துக்குப் போனது. வாரியத்தின் வழக்கறிஞர் எழுந்து, இவர் மேற்பார்வையாளர், நிர்வாகத்தைச் சேர்ந்தவர், இவருக்காகச் சங்கம் பேச முடியாது என்றார். சங்கத்தைக் கொண்டுவந்தவரே அதில் இருக்கத் தகுதியில்லாதவர் ஆனார்.

அதன்பின் வருடக்கணக்கில் இதையேதான் பேசினார்கள். தொகை கொடுக்க வேண்டுமா, வேண்டாமா என்பதை ஒருவரும் தொடவில்லை. யார் கேட்பது என்பதிலேயே காலம் போனது. என் சின்னக் காரில் பாலம் தாண்டிப் பினாங்கிலுள்ள நீதிமன்றத்துக்குப் போவோம். ஒரு தடவை நீதிபதி மாற்றலாகிவிட்டார். ஒரு தடவை வழக்கறிஞருக்கு வேறு ஊரில் வழக்கு. திரும்பும் வழியெல்லாம் நான் திட்டிக்கொண்டே வருவேன். அவர் சன்னல் பக்கம் திரும்பித் தூங்கிவிடுவார்.

ஒருவழியாகச் சாட்சிக் கூண்டில் ஏறினார். பள்ளியில் யாருக்காவது உத்தரவிடும் அதிகாரம் உங்களுக்கு இருந்ததா என்று கேட்டார்கள். டீச்சர் நிதானமாக மலாய் மொழியில் பதில் சொன்னார். "பெல் அடிக்கிறவருகிட்ட, பரீட்சை நடக்குது, கொஞ்சம் பொறுத்து அடிங்கன்னு ஒருதடவ சொன்னேன். அவரு கேக்கல." எழுத்தர் குனிந்து சிரித்தார். வழக்கறிஞர் மட்டும் சிரிக்கவில்லை.

அவரே என்னைப் பொறுமையிழக்கச் செய்த நாள்களும் உண்டு. வாரியத் தலைவரும் அவரும் ஒரே தேவாலயத்துக்குப் போகிறவர்கள். தலைவர் டெங்கிக் காய்ச்சலில் படுத்தபோது டீச்சர் கஞ்சி காய்ச்சி எடுத்துக்கொண்டு கிளம்பினார். "கேஸு அந்த ஆளோட, கஞ்சியும் அந்த ஆளுக்கா?" என்று கேட்டேன். "காய்ச்சல் வந்தது மனுசனுக்கு, வாரியத்துக்கு இல்ல. காடிய எடு" என்று என் காரைக் காட்டினார். எடுத்தேன். வாசலிலேயே உட்கார்ந்திருந்தேன், உள்ளே போகவில்லை.

இன்னொரு முறை, சங்கத்தை விட்டு விலகினால் அவருக்கு மட்டும் தொகையைக் கொடுத்துவிடுவதாகச் சொல்லியனுப்பினார்கள். முட்டி அறுவைச் சிகிச்சையைத் தள்ளிப்போட்டுக்கொண்டிருந்த நேரம் அது. வாங்கிக்கொள்ளுங்கள் என்று நான் கெஞ்சினேன்.

"நான் வாங்கிட்டா நீங்கள்லாம் யாரக் காட்டிக் கேப்பீங்க?"

"எங்களப் பத்தி நாங்க பாத்துக்கிறோம். உங்க காலப் பாருங்க டீச்சர்."

"கால் என்னோடது லா. கேஸு நம்மளோடது."

ஒரு வாரம் நான் அவரோடு பேசவில்லை. அவர் செய்தது சரி என்று இன்றும் நான் ஒத்துக்கொள்ளவில்லை. படியேறும்போது அவர் முகத்தைப் பார்த்தவள் நான்.

கடைசியில் தீர்ப்பு வந்தது. அவர் ஆசிரியைதான், சங்கம் அவருக்காகப் பேசலாம் என்றது. அதாவது, வழக்கைத் தொடங்கலாம் என்றது. மற்ற ஆசிரியர்கள் இனிப்பு வாங்கி வந்தார்கள். இனிப்பு தீருமுன் வாரியம் மேல் நீதிமன்றத்துக்குப் போய்விட்டது. அந்த மனு இன்னும் அங்கேதான் இருக்கிறது. வழக்கில் பெரியம்மாவின் இடத்தில் இனித் தான் நிற்பதாகத் தங்கை மகள் சொல்லியிருக்கிறாள்.

அடக்க ஆராதனையில் வாரியத் தலைவர் இரங்கலுரை ஆற்றினார். கண் கலங்கித்தான் பேசினார்; அது நடிப்பு என்று நான் சொல்லமாட்டேன். "எஸ்தர் டீச்சர் பதவியைத் தேடியவர் அல்லர். நிர்வாகத்தில் அவர் ஒருநாளும் தலையிட்டதில்லை. கடைசிவரை வகுப்பறையில் ஒரு சாதாரண ஆசிரியையாகவே இருந்தார்" என்றார். முன்வரிசையில் சிலர் விம்மினார்கள். நான் மட்டும் பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். இத்தனை வருடம் நாங்கள் பாலம் தாண்டிப் போனது இந்த மூன்று வாக்கியங்களை அவர் வாயிலிருந்து கேட்கத்தான்.

எஸ்தர் டீச்சரிடமிருந்து நான் எனக்கென்று எடுத்துவைத்திருப்பது ஒரு பழக்கம். குரலை உயர்த்தாமல் கேட்பது, பதில் வரும்வரை அந்த இடத்தைவிட்டு நகராமல் இருப்பது. அது என் இயல்பு அல்ல. நான் கத்திவிட்டுப் போய்விடுகிறவள். அன்று கல்லறையிலிருந்து திரும்பி எல்லோரும் தேநீர் குடித்துக்கொண்டிருந்தபோது தலைவரிடம் போனேன்.

"ஐயா, இப்ப பேசுனத கோர்ட்டுலயும் வந்து சொல்லுவீங்களா?"

அவர் சுற்றிலும் பார்த்தார். "டீச்சர், இதுவா அதுக்கு இடம்?"

"எந்த இடம்னு சொல்லுங்க. வர்றேன்."

அவர் கோப்பையைக் கீழே வைத்தார், மறுபடியும் எடுத்தார். யாரோ அவரைக் கூப்பிட்டார்கள். அவரால் போக முடியவில்லை. நான் நின்றுகொண்டிருந்தேன்.