பில் இல்லாத சாக்கு

அன்று திண்டிவனம் பக்கத்துப் பேரூராட்சி ஒன்றின் அலுவலகத்தில் மூன்று பேர் இருந்தோம்: செயல் அலுவலர், குப்பை வண்டி ஓட்டும் அக்கா, கணக்கெடுக்கப் போன நான். அந்த ஊரில் வீட்டுக் குப்பையைத் தரம் பிரித்து வாங்க ஆகும் செலவை எழுதித் தருவது என் வேலை. எட்டாவதோடு படிப்பை நிறுத்தியவன் நான்; தப்பு வந்துவிடுமோ என்ற பயத்தில் பில் இருந்ததை மட்டும் எழுதி, முந்தின நாளே விழுப்புரம் மாவட்ட அலுவலகத்துக்கு அனுப்பிவிட்டேன். அதன் நகலைப் படித்துக் காட்டியதும் அக்கா கேட்டார்.

"பிளாஸ்டிக் கட்ற சாக்கு வானத்துலேர்ந்தா விழுது, தம்பி? மாசாமாசம் என் காசுல வாங்கிக்கினு வர்றேன்!"

"முன்னாடியே சொல்லக் கூடாதாம்மா?" என்றார் அலுவலர்.

"யாருங்க கேட்டாங்க?"

நான்தான் கேட்டிருக்க வேண்டும். அனுப்பிவிட்ட கணக்கில் ஏறாத செலவுக்கு அடுத்த வருஷம்தான் பணம் வரும். அதுவரை சாக்குக் காசை என் கூலியிலிருந்து அக்காவுக்குத் தருவதாகச் சொன்னேன். இன்னும் அறுநூற்று நாற்பது ரூபாய் தர வேண்டும்.