சிறகு குட்டையான பூச்சி

கல்லூரியில் இருபது வருடம் விலங்கியல் நடத்தியவள் நான். எங்கள் குடும்பத்தில் யார் எந்தப் பூச்சியைப் பார்த்தாலும் எனக்குத்தான் போன் வரும். அதில் எனக்குக் கொஞ்சம் தலைக்கனமும் உண்டு.

மல்லசமுத்திரத்தில் விவசாயம் பார்க்கும் அண்ணன், மாட்டுக்காக விதைத்த சோளத்தில் ஒன்றைப் பிடித்துக் காட்டினார். பழுப்பு நிறம். கழுத்திலிருந்து முதுகுவரை கேடயம் கவிழ்த்தது போல ஒரு தகடு. உடம்பைவிட நீளமான மெல்லிய மீசை. சிறகு இருக்க வேண்டிய இடத்தில் பச்சரிசி அளவுக்கு இரண்டு துண்டுகள்.

"வெட்டுக்கிளிக் குஞ்சுதான சாமி?"

"ஆமாங்ண்ணா, ஒரு வகை வெட்டுக்கிளி. குஞ்சுதான்."

"றெக்கை மொளைச்சா கூட்டமாப் பறக்குமா?"

"பறக்குமுங்ண்ணா."

தெரியவில்லை என்று சொல்லிப் பழகாத வாய். பயிரில் ஒரு இலையாவது கடிபட்டிருக்கிறதா என்று நான் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. சிறகு வளர்ந்ததும் படமெடுத்து எந்த இனம் என்று கண்டுபிடிக்கலாம் என்று, ஒன்றை மட்டும் கண்ணாடி ஜாடியில் போட்டு, கொண்டப்பநாயக்கன்பட்டியில் இருக்கும் என் வீட்டுக்கு எடுத்துவந்தேன்.

மூன்றாம் நாள் பிற்பகல் அலமாரியிலிருந்து சத்தம் வந்தது. அந்த இரண்டு துண்டுகளையும் ஒன்றோடொன்று உரசி அது பாடிக்கொண்டிருந்தது. இந்த வகைப் பூச்சிகளில் குஞ்சு பாடாது. வளர்ந்த ஆண்தான் பாடும். அதன் சிறகே அவ்வளவுதான். அது எந்த ஊருக்கும் பறந்துபோய் எதையும் மொட்டையடிக்கப் போவதில்லை. வருடக்கணக்காகப் பிள்ளைகளுக்கு நடத்திய பாடம் இது.

உடனே அண்ணனைப் போனில் அழைத்தேன்.

"மருந்து கிருந்து அடிச்சிராதீங்ண்ணா. அது குஞ்சில்லைங்க. இதுக்கு மேல வளராது."

"நேத்தே அடிச்சாச்சே சாமி. நீ சொன்னீன்னு மேக்காலத் தோட்டத்துக்காரங்களும் அடிச்சுப்போட்டாங்க."

அவர் குரலில் கோபமில்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை. மருந்தடித்த சோளத்தட்டை மாட்டுக்கு அறுத்துப்போட முடியாது என்பதையும் அவர் சொல்லிக்காட்டவில்லை.

மறுநாள் அண்ணன் தோட்டத்துக்குப் போனேன். வரப்போரம் ஆணும் பெண்ணுமாகக் கிடந்தன. பெண்ணின் பின்னால், முட்டையிடும் கத்தி போன்ற உறுப்பு சேதமில்லாமல் இருந்தது. ஆணின் வால்நுனிக் கொக்கிகளும் அப்படியே. இனத்தை உறுதிசெய்ய இவைதான் வேண்டும். உயிரோடு இருப்பவற்றைத் தேடியிருந்தால் ஒரு வாரத்திலும் இத்தனை கிடைத்திருக்காது. வெட்கமாக இருந்தது. ஆனாலும் நல்லதாகப் பார்த்து ஆறு பொறுக்கிக்கொண்டேன்.