எர்த்துக் குழிக்கு ஒரு குடம் தண்ணி

ஹெட்போன் வயரு எவ்வளவு நீளமோ அவ்வளவுதான் என் உலகம்னு ஆயிப்போச்சு. முளைக்குச்சியில கட்டுன ஆடு, கயிறு எட்டுற வரைக்கும்தான மேயும். லேப்டாப்புல ஒரு முனை, என் காதுல ஒரு முனை. நெனப்பில்லாம தண்ணி குடிக்க எழுந்திருச்சா தலையைப் புடிச்சு இழுத்து உக்கார வைக்கும். எனக்கு வர்ற கோபத்துக்கு அதைப் புடுங்கி வீசத் தோணும். வீசினா வேற வாங்கணும், அதனால மெதுவாக் கழட்டி வச்சுட்டுப் போயித் தண்ணி குடிப்பேன்.

நான் பாக்கறது கேட்டு டைப் அடிக்கிற வேலை. யார் யாரோ பேசுனது ரெக்கார்டிங்கா வரும். ஒரு சொல்லு விடாம, ஒரு சொல்லு கூட்டாம, அப்படியே தமிழ்ல அடிச்சு அனுப்பணும். கம்பெனி ஆபீஸ் திருச்சியில. நான் இருக்கறது அரியலூர்ப் பக்கம், சிமெண்ட் லாரி ஓடுற ரோட்டு மேல ஒரு வூட்டுல. பொறந்தது அரும்பாவூர். பெரம்பலூர்ல காலேஜ் படிச்சப்ப தினம் பஸ்சுல போயி வந்தேன், அதுதான் நான் தனியாப் போன பெரிய தூரம். கல்யாணத்துக்கப்புறம் அதுவும் இல்ல. வேலை பாக்கற ரூம்ல ஒரு பக்கம் பீரோ, ஒரு பக்கம் நெல்லு மூட்டை, நடுவுல நான். ஜன்னலைத் தொறந்தா ரோட்டுத் தூசி லேப்டாப்பு மேல விரலால எழுதலாங்கற அளவுக்குப் படியும். அதனால ஜன்னல் எப்பவும் சாத்தித்தான் கெடக்கும்.

ஒரு நாள் திருச்சி ஆபீஸ் மேடம் போன் பண்ணாங்க. "தரம் பாக்கற வேலைக்கு ஒரு ஆள் வேணும்மா. எல்லாருக்கும் கஷ்டமான ஆடியோவாக் குடுத்துப் பாக்கப் போறோம். யாரு தப்பில்லாம அடிக்கிறாங்களோ அவங்களை எடுத்துக்குவோம். தினம் ஆபீசுக்கு வர வேண்டி இருக்கும், பரவால்லியா?"

பரவால்லியாவாம். அந்தக் கேள்வியே எனக்கு இனிச்சுது. காலையில சீவி முடிச்சு, டிபன் டப்பாவை எடுத்துக்கிட்டு, பஸ்சுல ஜன்னலோரமா உக்காந்து போற மாதிரி மனசுக்குள்ள எத்தனை தடவை திருச்சிக்குப் போயி வந்தேன்னு எனக்கே தெரியாது. என் வூட்டுக்காரரு சிமெண்ட் ஆலையில எலக்ட்ரிக்கல் பக்கம் ஷிப்ட் வேலை பாக்கறவரு. "கெடைச்சாப் போ, யாரு வேண்டாங்கறா"ன்னாரு. அத்தைகிட்டயும் அவரே சொன்னாரு. அத்தை கீரை ஆய்ஞ்சுக்கிட்டே "ம்"னாங்க. மாமா செத்துப் போனதுலேருந்து அத்தைக்குத் தொணை நானும் டிவியும்தான். இவரு பாதி நேரம் ஷிப்டுல இருப்பாரு, மீதி நேரம் தூக்கத்துல இருப்பாரு.

ஆக, எனக்குத் திருச்சி கெடைக்கிறதும் கெடைக்காததும் என் காதுல விழற சத்தத்தைப் பொறுத்ததுன்னு ஆயிருச்சு. எங்க வூட்டுலயோ கேக்க வேண்டியதைத் தவிர மத்ததெல்லாம் கேக்கும். ரோட்டுல லாரி. மதியத்துல சுண்ணாம்புக்கல் சுரங்கத்துல வெடி வச்சா அலமாரியில இருக்கற தட்டு பூராவும் ஒரு நடுங்கு நடுங்கி நிக்கும். அத்தையோட சீரியல்ல நாள் முழுக்க யாராவது ஒருத்தி அழுதுக்கிட்டே இருப்பா. இதுக்கு நடுவுல, ரெக்கார்டிங்குல பேசுற ஆளு வாய்க்குள்ளயே பேசுவாரு. வந்தானா வந்தாளான்னு கூடத் தெரியாது. ப்ளூடூத்துல சொல்லோட வாலு அறுந்து வரும், வயரு வச்சதுதான் வேணும்னு கம்பெனியிலயே சொல்லிட்டாங்க. பெரம்பலூர்ல இருக்கற என் தம்பி, காதை முழுசா மூடுற ஹெட்போன் ஒண்ணு நல்லதாப் பாத்து வாங்கிக் குடுத்தான்.

நல்லதுன்னா தானா நல்லாக் கேக்கும்னு நெனச்சேன். மாட்டிப் பாத்தா தகர டப்பாவுக்குள்ள பேசுற மாதிரி இருக்கு. தம்பியைப் போன்ல புடிச்சுத் திட்டிட்டேன். அப்புறந்தான் தெரிஞ்சுது, கோளாறு ஹெட்போன்ல இல்ல, என் காதுல. அந்தப் பஞ்சு வளையம் காதைச் சுத்தி ஒரு எடம் விடாம ஒட்டி உக்காரணும். இடுக்கு விட்டா பேச்சோட கனம் அந்த வழியா வெளிய போயிரும், லாரிச் சத்தம் அதே வழியா உள்ள வந்துரும். என் காதுல ஜிமிக்கி, அதுக்குப் பின்னாடி திருகாணி, அதுக்கும் பின்னாடி கொண்டை. வளையம் எங்க உக்காரும், பாவம். ஜிமிக்கியைக் கழட்டினேன், தோட்டையும் கழட்டினேன், கொண்டையை அவுத்துச் சடை போட்டேன். மறுபடி மாட்டினா, அடேயப்பா, பேசுறவரு எச்சி முழுங்கறது கூடக் கேக்குது.

அத்தை பாத்துட்டாங்க. "சுமங்கலிப் பொண்ணு மூளிக் காதோட ஒக்காந்திருக்கியே, இது என்ன கூத்து?"

"குத்துதுங்கத்தை."

"குத்துனா மேல மாட்டியிருக்கறதைக் கழட்டு. தோட்டையா கழட்டுவ?"

எனக்குச் சுருக்குன்னு வந்துச்சு. இவரு ஆயுசு என்ன என் காதுலயா தொங்குதுன்னு தொண்டை வரைக்கும் வந்ததை முழுங்கிட்டேன். கடைசியில அத்தையே ஒரு வழி கண்டாங்க. வேப்பங்குச்சியை பிளேடால சீவி மெல்லிசாக்கி, ரெண்டு துண்டு நறுக்கி, என் காது ஓட்டையில சொருகி விட்டாங்க. மூளியும் இல்ல, வளையத்துலயும் இடிக்கல. அப்பாடான்னு இருந்தா, பக்கத்து வூட்டு அக்கா வந்து குச்சியைப் பாத்துட்டு, "ஏங்க, தோடு அடகுக்குப் போயிருச்சா"ன்னு அத்தை காதோரம் கேட்டுட்டுப் போச்சு. அத்தைக்கு மானமே போச்சு. அன்னிக்கு முழுக்க என்கிட்ட மொகம் குடுத்துப் பேசல. சாண் ஏறினா முழம் சறுக்குது நம்ம பொழப்புன்னு நானும் ரூமுக்குள்ள போயிக் கதவைச் சாத்திக்கிட்டேன்.

கதவைச் சாத்தினா வேக்காடு. பேனைப் போட்டா அது ஒரு சத்தம், அதனால பேனும் கெடையாது. வேர்வையில பஞ்சு வளையம் ஊறிப் போவுதேன்னு பழைய வேட்டித் துணியில உறை தச்சுப் போட்டேன். வேர்வை நின்னுச்சு, சொல்லோட கூர்மையும் சேந்து மழுங்கிருச்சு. உறையைப் பிச்செறிஞ்சேன், வேர்த்தா வேர்த்துட்டுப் போவட்டும்னு. சத்தத்தைக் கூட்டிக் கூட்டி வச்சுப் பாத்தேன், தலைவலிதான் மிச்சம். கூட்டறதை விட்டுட்டு, செட்டிங்குல பேஸ்னு இருக்கற அடிச் சத்தத்தைக் கொஞ்சம் கொறைச்சா பேச்சு தானாத் தெளியும்னு போகப் போகத்தான் புரிஞ்சுது. காலையில உள்ள போனா மத்தியானச் சோத்துக்கு வெளிய வருவேன், திரும்பவும் உள்ள போவேன். ஜெயில்லயாச்சும் ஜன்னல் தொறந்திருக்கும்னு இவருகிட்ட சொன்னேன். சிரிச்சாரு.

இத்தனையும் செஞ்சு மத்த சத்தமெல்லாம் அடங்குன பெறகுதான் அந்த இரைச்சல் தெரிஞ்சுது. ஙொய்ய்ன்னு விடாம ஒண்ணு, பேச்சுக்கு அடியில ஓடிக்கிட்டே இருக்கு. சார்ஜரைப் புடுங்கினா நிக்குது, சொருகினா வருது. புடுங்கிட்டு வேலை பாக்கலாம்னா என் லேப்டாப்பு பேட்டரி ஒரு பாட்டு முடியற வரைக்கும் கூடத் தாங்காது. மேல கை வச்சா வேற சுருசுருன்னு இழுக்குது.

இவரு ஒரு பல்பைக் கொண்டாந்து பிளக்குல வச்சுப் பாத்துட்டு, "எர்த்து செத்துப் போச்சு, அதான்"னாரு. பாத்ரூமுக்குப் பின்னாடி, வூடு கட்டுறப்பப் பொதைச்ச எர்த்துக் குழாய் எங்க இருக்குன்னே தெரியாம மண்ணு மூடிக் கெடந்துச்சு. அத்தை எறையூருக்கு ஒரு கருமாதிக்குப் போயிருந்த அன்னிக்கு, இவரு அந்த எடத்தைத் தோண்டி உப்பும் கரியும் போட்டு, குழாய் தலை மட்டும் தெரியற மாதிரி மூடி, மிதிச்சிடக் கூடாதேன்னு சுத்தி மூணு செங்கலை நட்டு வச்சாரு. "நம்மளுது சுண்ணாம்புக்கல் பூமி, ஈரம் நிக்காது. தினம் காலையில ஒரு குடம் ஊத்திரு"ன்னாரு. ஊத்தினேன். இரைச்சல் போயே போச்சு. நம்ப முடியாம சார்ஜரைப் புடுங்கிப் புடுங்கிச் சொருகிப் பாத்தேன்.

அதுலேருந்து காலையில தலைக்குத் தண்ணி ஊத்திக்கிட்டு, ஈரத் தலையில துண்டைச் சுத்திக்கிட்டு, காபி குடிக்கறதுக்கு முன்னாடி மொத வேலையா ஒரு குடம் கொண்டுபோயி குழியில ஊத்துவேன். மறந்துருவேங்கற பயந்தான், வேற ஒண்ணுமில்ல. ஒரு நாள் குடத்தோட போயிப் பாத்தா, குழாய்த் தலையில மஞ்சப் பூசி, குங்குமம் வச்சு, மேல ஒரு செம்பருத்திப் பூ இருக்கு.

பின்னாடியே அத்தை நிக்கிறாங்க. "நீ சொல்லாட்டி எனக்குத் தெரியாதாக்கும். தலை முழுவுற, வெறும் வயித்தோட குடம் தூக்கற, தோட்டையும் கழட்டி வச்சிருக்க. வேண்டுதல்னு என்கிட்ட ஒரு வார்த்தை சொன்னா என்னம்மா? நான் ஏதோ உன்னைப் போயி வஞ்சுட்டேன்."

எர்த்துக் குழிங்கத்தைன்னு சொல்லத்தான் வாயைத் தொறந்தேன். அதுக்குள்ள அவங்க, "வேண்டுதல்ல இருக்கற புள்ளை இருக்கற வூட்டுல சத்தம் ஆகாது. நீ வேலை பாக்கற நேரம் நான் டிவி போடல"ன்னாங்க. தொறந்த வாயை மூடிக்கிட்டேன். வூடு தேடி வந்த சீதேவியைக் காலால எட்டி ஒதைக்க எனக்கென்ன பைத்தியமா.

"என்னன்னு வேண்டிக்கிட்ட?"

"சொன்னா பலிக்காதுங்கத்தை."

"செரி, சொல்ல வேண்டாம்."

இவருகிட்ட சொன்னதுக்கு, "சாமிதான, கரண்ட்டு சாமி"ன்னு சிரிச்சுட்டுத் தூங்கப் போயிட்டாரு. அத்தை பக்கத்து வூட்டு அக்காகிட்ட, தோடு அடகுல இல்ல, வேண்டுதல்ல இருக்குன்னு நெஞ்சை நிமித்திச் சொன்னாங்க. அந்த அக்கா மறுநாளே ஒரு எலுமிச்சம்பழம் கொண்டாந்து வச்சுட்டு, தன் வூட்டு மிக்ஸியையும் நான் சோத்துக்கு எழுந்திருக்கற நேரத்துக்கு மாத்திக்கிச்சு. ஊரே எனக்காக வாயைப் பொத்திக்கிட்ட மாதிரி இருந்துச்சு. சிரிப்பு வந்தாலும், குடத்தைச் சாய்க்கறப்ப எனக்கும் மனசுக்குள்ள ஒரு சொல்லு ஓட ஆரம்பிச்சிருச்சு. திருச்சி, திருச்சி. எனக்குப் பின்னாடி அத்தையும் கை கூப்பி நின்னு ஏதோ முணுமுணுப்பாங்க. என்னன்னு நான் கேட்டதில்ல.

பரீச்சை ஆடியோ வந்துச்சு. காத்தடிக்கிற வயல்ல நின்னு ஒரு பெரியவரு பல்லில்லாத வாயால பேசுறாரு. கல்யாண மண்டபத்துல மேளத்துக்கு நடுவுல ரெண்டு பொம்பளைங்க ரகசியம் பேசுறாங்க. ஓடுற பஸ்சுல ஒருத்தன் சண்டை போடுறான். அந்த பஸ்சோட ஹாரனைக் கேட்டப்ப மட்டும் கொஞ்ச நேரம் கையை எடுத்துட்டு வெறுமன கேட்டுக்கிட்டு இருந்தேன். காதுல வேப்பங்குச்சி, கழுத்துல வழியிற வேர்வை, சாத்துன ஜன்னல். இன்னும் கொஞ்ச நாள்தான்னு எனக்கு நானே சொல்லிக்கிட்டேன். ஒவ்வொரு சொல்லும் எடுத்துக் கையில வச்ச மாதிரி விழுந்துச்சு. அடிச்சு அனுப்பிட்டேன்.

மேடம் கூப்பிட்டாங்க. "ஒரு தப்பு கூட இல்லம்மா. நீங்கதான்."

எழுந்து நின்னுட்டேன். ஹெட்போன் கழுத்துல கெடந்துச்சு, வயரு இழுத்துச்சு. "எப்ப மேடம் வரணும்?"

"அதைத்தான் சொல்ல வந்தேன். இங்க ஏ.சி. சத்தமும் ஆளுங்க பேச்சுமா இருக்கு. இங்க உக்காந்து கேட்டவங்களுக்கே அந்த மண்டப ஆடியோ வெளங்கல. உங்க வூட்டுல அவ்வளவு சுத்தமாக் கேக்குதுன்னா உங்களை எதுக்கு இங்க இழுக்கணும்னு பெரிய சார் சொல்லிட்டாரு. வூட்டுலேருந்தே பாருங்க. சம்பளம் ஆபீஸ் சம்பளந்தான், அலைச்சலும் மிச்சம். சந்தோசந்தான?"

"சந்தோசங்க மேடம்."

ஆசை இருக்கு தாசில் பண்ண, அதிர்ஷ்டம் இருக்கு கழுதை மேய்க்கன்னு சும்மாவா சொன்னாங்க. கொஞ்சம் மோசமாக் கேட்டிருந்தா வேலை கெடைச்சிருக்காது. நல்லாக் கேட்டதால திருச்சி கெடைக்கல. இதுல நான் எந்தப் பக்கம் போயி முட்டிக்கறது? வெளிய வந்து அத்தைகிட்ட, "வேலை கெடைச்சிருச்சுங்கத்தை. ஆனா திருச்சிக்குப் போவ வேண்டாமாம், இங்கேருந்தே பாக்கணுமாம்"னேன்.

அத்தை கையில இருந்த வெங்காயத்தை வச்சுட்டு, முந்தானையில கையைத் தொடச்சுக்கிட்டு, நேரா பாத்ரூமுக்குப் பின்னாடி போனாங்க. நானும் பின்னாடியே போனேன். செங்கலு மேல ஒரு கட்டி சூடத்தை வச்சுக் கொளுத்திக் கும்பிட்டாங்க. கண்ணுல தண்ணி ஊத்துது.

"கேட்டதைக் குடுத்துட்டாம்மா. மஞ்சப் பூசுன அன்னிக்கே கேட்டுட்டேன், எம் மருமவ இந்த வூட்டை விட்டு எங்கயும் போயிடக் கூடாதுன்னு. போவாதன்னு உன்கிட்ட சொல்ல எனக்கு வாய் வரல, படிச்ச புள்ள. நீ காலையில போயி ராத்திரி வந்தா, நான் இங்க யாரு மொகத்தைப் பாத்துக்கிட்டு ஒக்காந்திருக்கறது?"

எனக்கு வந்தது கோபந்தான். மூக்கு வரைக்கும் வந்துச்சு. ஆனா அழுவுற மனுசியை என்னன்னு திட்டறது. கையைப் புடிச்சு உள்ள கூட்டிக்கிட்டு வந்தேன். அவங்க வெங்காயம் உரிச்சாங்க, நான் சோறு வடிச்சேன்.

மறுநாள் காலையில நான் குளிக்கல, குடமும் தூக்கல. காயட்டும், அந்தக் குழி பாளம் பாளமாக் காஞ்சு வெடிக்கட்டும்னு போர்வையை இழுத்துப் போத்திக்கிட்டுப் படுத்திருந்தேன். பாத்ரூமுக்குப் பின்னாடி குடத்துலேருந்து தண்ணி ஊத்துற சத்தம் கேட்டுச்சு. அத்தை நின்னு நிதானமா, ஒரு சொட்டு விடாம ஊத்துனாங்க.

எழுந்து போயி ரூமைத் தொறந்தேன். டிவி போடல. லேப்டாப்பு மேல, புதுசாச் சீவுன வேப்பங்குச்சி ரெண்டு இருந்துச்சு. காதுல சொருகிக்கிட்டு, சார்ஜரை மாட்டிட்டு, ஹெட்போனைப் போட்டேன். ஒரு பொட்டு இரைச்சல் இல்ல.